பஞ்சதந்திரமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

பஞ்சதந்திரத்தைக் குழந்தைகளின் நூல் என்று சொல்லாதவர் இல்லை. பேசும் சிங்கமும், யோசனை கூறும் நரியும், அன்னங்களின் துணையால் ஆகாய மார்க்கமாய்ப் பயணம் போகும் ஆமையும் நிறைந்திருக்கும் ஒரு புத்தகத்தை வேறு யாருடைய நூல் என்று சொல்வது? நூலும் தன்னைப் பற்றி அவ்வாறே சொல்லிக்கொள்கிறது. தென்தேசத்தில் மகிளாரோப்பியம் என்னும் நகரில் அமரசக்தி என்ற அரசனுக்குப் புதல்வர் மூவர். மூவரும் படிப்பென்றால் காத தூரம் ஓடுகிறவர்கள். விஷ்ணுசர்மா என்னும் முதியவர் ஆறு மாதத்தில் இவர்களை நீதி அறியச் செய்கிறேன் என்று அரசனிடம் வாக்களித்து, இக்கதைகளைச் சொன்னார் என்பது அதன் பாயிரம். ஆனால் இந்நூல் ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கைகளுக்கும் வந்த வரலாற்றைச் சற்று விசாரித்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். இதைப் பேணி, மொழிபெயர்த்து, அச்சேற்றி வைத்தவர்களில் குழந்தையை மனத்தில் வைத்துச் செய்தவர் மிகச் சிலர். அரசரும் பிரபுக்களும், பாதிரிமாரும் கும்பினி உத்தியோகஸ்தரும், பண்டிதரும் பரீட்சை எழுதுகிறவர்களும் படித்து முடித்த பிற்பாடே குழந்தைக்கு முறை வந்தது. தோட்டத்துக் குழந்தைக்கோ அதற்கும் பிற்பாடு.

இவ்விசாரணையில் நாம் இறங்கியதற்குக் காரணம் நம் ஊரேயன்றிப் புலமை அன்று. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென்பாகத்தில், சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஜாவிக்குப் போகும் பெருஞ்சாலையின் மேல் இருக்கிறது சுங்கை பாக்காப். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பக்கம் பெரும்பாலும் கரும்புக் காடு. அக்கரும்பை வெட்டுவதற்கென்று ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்களே நம் பாட்டன்மார். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது; கரும்பும் போயிற்று; ரப்பர் வந்தது. அதுவும் போய் இன்று செம்பனையும் ஆலைகளும் புது வீட்டு வரிசைகளுமாக நிற்கிறது ஊர். மூன்று பயிர் மாறியும், லயத்து வீடுகளில் மாறாதிருந்த பொருள் ஒன்று உண்டென்றால் அது கதை.

நாம் பஞ்சதந்திரத்தைக் கேட்டது ஆயாக் கொட்டகையில். பொழுது விடியுமுன் தாய்மார் பால்மரம் வெட்டப் போய்விட, கைக்குழந்தைகளும் பள்ளி வயது வராத பிள்ளைகளும் ஒரு தகரக் கூரையின் கீழ் ஒரே ஒரு கிழவியின் பொறுப்பில் விடப்படுவார்கள். அந்த ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஏணைகள் நான்கை ஒரே கயிற்றால் பிணைத்து ஆட்டிக்கொண்டே, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, அவள் சொன்ன ஆமைக் கதையை நாம் இன்னும் மறக்கவில்லை. குளம் வற்றிப் போயிற்று, இரண்டு அன்னங்கள் ஒரு குச்சியின் இரு முனைகளையும் பற்றிக்கொள்ள, ஆமை நடுவே வாயால் கவ்விக்கொண்டது, கீழே ஊரார் சிரித்தார்கள், ஆமைக்குப் பொறுக்கவில்லை. அவ்விடத்தில் அவள் நிறுத்திவிடுவாள். நாங்கள் எல்லோரும் வாயை இறுக மூடிக்கொண்டு மூச்சுவிடாமல் இருப்போம். எங்களில் ஒருவன் வாயைத் திறந்தால் ஆமை விழுந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருக்க இதைவிடச் சிறந்த தந்திரத்தை விஷ்ணுசர்மாவும் அறிந்திருக்க மாட்டார்.

ஆறாண்டு தமிழ்ப் பள்ளிப் படிப்பு முடிந்து, புகுமுக வகுப்பில் மலாய் மொழியோடு நாம் மல்லாடிக்கொண்டிருந்த நாளில், மலாய் வாசகப் புத்தகத்தில் அதே ஆமை வந்தது. பறவைகளும் குச்சியும் வந்தன. பாதிச் சொற்களுக்குப் பொருள் விளங்காமலே கதை முழுவதும் விளங்கியது. இது எங்கள் ஆயாவின் கதை என்று நாம் எழுந்து சொன்னோம். உபாத்தியாயர் நல்லவர், ஆயினும், இது மலாய்க்காரர் முன்னோர் சொன்ன கதை என்று புன்சிரிப்போடு சொல்லி எம்மை உட்காரச் செய்தார். அவர் சொன்னது முழுப் பொய்யும் அன்று, முழு மெய்யும் அன்று. அது எவ்வளவு மெய் என்பதை அறிய நமக்குப் பல ஆண்டுகள் சென்றன.

மலாய் இலக்கியத்தில் இக்கதைகள் இரண்டு வழியாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று, மேற்கே போய்த் திரும்பி வந்த வழி. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் குஸ்ரு அனூஷிர்வானின் வைத்தியர் பர்ஸோய் இந்நூலைப் பகலவி மொழியில் ஆக்கினார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பா அதனை அரபியில் பெயர்த்தார். கரடகன், தமனகன் என்னும் நரிகள் இரண்டும் அங்கே கலீலா, திம்னா என்று பெயர் மாறின. அரபியிலிருந்து எபிரேயம், எபிரேயத்திலிருந்து லத்தீன் எனப் போய், ஐரோப்பாவில் அச்சு யந்திரம் தோன்றிச் சில பத்தாண்டுகளுக்குள், 1480-களில், ஒரு ஜெர்மானியப் பிரபுவுக்காகச் செய்த மொழிபெயர்ப்பு அச்சேறிவிட்டது. 1570-இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிரெஞ்சுக் கவி லா போந்தேன் 1678-இல் வந்த தம் இரண்டாம் தொகுதியில், இந்திய ஞானி ஒருவருக்குத் தாம் கடன்பட்டிருப்பதை ஒளிக்காமல் சொன்னார். அரபு, பாரசீகப் பக்கத்திலிருந்து கிழக்கே திரும்பிய கிளைதான் மலாயில் கலீலா தமீனா என்னும் ஹிக்காயத்தாயிற்று.

மற்றொரு வழி நேரே வந்தது. அது தமிழ் வழி. அதைத் திறந்தவர் முன்ஷி அப்துல்லா.

மலாக்காவில் 1796-இல் பிறந்த அப்துல்லா பின் அப்துல் காதரை நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று கொண்டாடுகிறார்கள், அது தகும். அவருடைய பூட்டனார் யேமன் நாட்டு அரபியர். நாகூரில் தங்கி, அங்கே மணம் புரிந்தவர். அக்குடும்பத்தின் ஒரு கிளை மலாக்காவுக்கு வந்தது. அப்துல்லாவைச் சிறு பிராயத்தில் தமிழ் படிக்க அனுப்பினார் அவர் தந்தை. காரணத்தையும் தம் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்நாளைய மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாம். கணக்கெழுதவும் வியாபாரம் பேசவும் அம்மொழியே பயன்பட்டதாம். இதை நம் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோர் நிறைந்த ஊரில், வேற்றினத்தார் தம் பிள்ளைகளைப் பிழைப்புக்காகத் தமிழ் படிக்க அனுப்பிய காலம் ஒன்றிருந்தது என்பது, பேசும் சிங்கத்தைவிடப் பெரிய கற்பனையாய்த் தோன்றுகிறது அவர்களுக்கு.

அப்துல்லா கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்து முன்ஷி என்ற பெயர் பெற்றார். ராபிள்ஸ் துரையிடம் எழுத்தராயிருந்தார். லண்டன் மிஷன் பாதிரிமார் மலாக்காவில் நிறுவிய அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கவும் அச்சிடவும் கற்றார். பிழைப்பு, வெள்ளைக்காரருக்கும் வியாபாரிகளுக்கும் மலாய் கற்பிப்பது. இத்தகையவர் 1835-இல் தமிழ் நண்பர் ஒருவருடைய துணையோடு பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். 'ஹிக்காயத் பஞ்ச தந்தரான்' என்று அதற்குப் பெயர். தந்திரம் என்னும் நம் சொல் மலாய் நாவில் உருண்டு தந்தரான் ஆகியிருக்கிறது. அந்நூல் அப்துல்லாவின் காலத்துக்குப் பின் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. ஹாலந்து தேசத்து லைடன் நகரில் மலாய் கற்போருக்காகவும் அச்சேறியது. ஆகவே, நம் புகுமுக வகுப்பு ஆமை எந்த வழியாக வந்திருந்தாலும், ஆயாக் கொட்டகையின் ஆமைக்கு அந்நியமானதன்று. தமிழ் வழியாக வந்திருந்தால் சொந்தத் தங்கை. அரபு வழியாக வந்திருந்தால் ஒன்றுவிட்ட தங்கை. அவ்வளவே வேற்றுமை.

அப்துல்லா மலாயில் எழுதுவதற்கு ஒன்பதாண்டு முன்பே தமிழில் பஞ்சதந்திரம் உரைநடையாக அச்சேறிவிட்டது. 1826-இல் அதைச் செய்தவர் தாண்டவராய முதலியார், மராட்டியிலிருந்து தமிழாக்கினார். சென்னையில் 1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் ஏற்பட்ட ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் அவர் தலைமைத் தமிழாசிரியர். அக்கல்லூரியில் மாணாக்கர் யார்? சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய கும்பினியின் இளம் உத்தியோகஸ்தர்கள். நிலவரி வாங்கவும் வழக்கு விசாரிக்கவும் அவர்களுக்கு நாட்டு மொழி வேண்டியிருந்தது. மொழி கற்கக் கதை நல்ல கருவி. ஆகத் தமிழ் உரைநடையில் பஞ்சதந்திரம் அச்சேறியபோது, அதன் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பிற்காலத்துக் கலெக்டர்களும் ஜட்ஜுகளுமே. மூடப் புதல்வரை அரசாளத் தகுந்தவராக்கச் சொன்ன கதை, அரசாள வந்த அந்நியரைத் தமிழ் பேசத் தகுந்தவராக்கப் பயன்பட்டது. முதலியார் இப்பொருத்தத்தை எண்ணிச் சிரித்துக்கொண்டிருப்பாரோ என்று நமக்கொரு நினைப்பு.

அதே 1826-இல் பாரிஸ் நகரத்தில் இன்னொரு பஞ்சதந்திரம் வெளிவந்தது. மைசூர்ப் பக்கத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய துபுவா பாதிரியார், தமிழ், தெலுங்கு, கன்னட ஏடுகளைக் கொண்டு செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அது. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார். வடமொழி மூலமோ, 1848-இல் ஜெர்மனியின் பான் நகரில் கோஸிகார்ட்டன் என்னும் அறிஞர் கையால்தான் முதன்முதல் அச்சேறியது. மூலத்துக்கு இருபத்திரண்டு ஆண்டு முந்தித் தமிழ் அச்சேறியிருக்கிறது என்பதை நம் பள்ளிப் புத்தகங்கள் எதிலும் நாம் கண்டதில்லை.

இவ்வளவு பெருமையும் ஒரு தோட்டப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்த விதம் வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று விதித்தது. சட்டத்துக்குப் பள்ளி வைத்தவர்கள் பலர். பள்ளிக்குப் புத்தகம் வைத்தவர்கள் சிலர். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் உபாத்தியாயர். பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் சென்னையிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றில் வரும் காவேரியும் மார்கழிப் பனியும் நம் பிள்ளைகள் காணாதவை.

நமக்குச் சொந்தமாக ஒரு பஞ்சதந்திரம் கிடைத்தது ஒன்பதாம் வயதில். தைப்பூசத்துக்குத் தீவுக்குப் போயிருந்த அப்பா, மார்க்கெட் தெருக் கடையொன்றில் வாங்கி, பெரியில் கடல் தண்ணீர் படாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பால்மரம் வெட்டி வாழ்ந்த அவருக்கு அது ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி. ஆவலோடு திறந்தோம். முதற் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. சொல்லோடு சொல் புணர்ந்து, வாக்கியம் அரைப் பக்கம் ஓடி, முற்றுப்புள்ளியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. வித்துவான்கள் பரீட்சைக்குப் படித்த நடையில் இருந்தது அப்புத்தகம். அட்டையில் மட்டும் குழந்தைகளுக்கு ஏற்றது என்று போட்டிருந்தார்கள். அப்பா கேட்கும்போதெல்லாம் படித்துக் காட்டுவதாக ஆயாவின் கதையையே சொல்லிவந்தோம். பக்கத்தைப் புரட்டுவதில் மட்டும் குறை வைக்கவில்லை.

இன்று அக்குறை பெரும்பாலும் தீர்ந்தது. எளிய தமிழில், வண்ணப் படங்களோடு, பெரிய எழுத்தில் பஞ்சதந்திரங்கள் வருகின்றன. சுங்கை பாக்காப்பில் நம் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் கூடும் பிள்ளைகள் பதினைந்து பேருக்காக அவற்றில் பலவற்றை வாங்கி அடுக்கியிருக்கிறோம். நடை எளிதாயிற்று, ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

எலிப் பெண்ணின் கதையைப் பாருங்கள். பருந்தின் வாயிலிருந்து நழுவிய எலிக்குஞ்சை ஒரு முனிவர் தம் தவ வலிமையால் பெண்ணாக்கி வளர்க்கிறார். பருவம் வந்ததும் சூரியன், மேகம், காற்று, மலை என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்து, எவரையும் அவள் விரும்பாமல், கடைசியில் மலையையும் துளைக்கும் எலியைக் கண்டு மகிழ, முனிவர் அவளை மீண்டும் எலியாக்கி மணம் முடிக்கிறார். பிறந்த இனம் போகாது என்பது இதன் பொருளாகச் சொல்லப்படுகிறது. நீலத்தொட்டியில் விழுந்து அரசனான நரியின் கதைக்கும் ஏறக்குறைய அதே பொருளைக் கட்டிவிடுகிறார்கள். ஊளையிட்டது, குலம் வெளிப்பட்டது, செத்தது. ஆனால் கதையைக் கூர்ந்து பார்த்தால், அந்நரி தன் இனத்தாரைத் துரத்திவிட்டுச் சிங்கம் புலிகளின் நடுவே உட்கார்ந்ததால் கெட்டதே தவிர, நரியாய்ப் பிறந்ததால் கெட்டதாகத் தோன்றவில்லை. கதைக்கடியில் தடித்த எழுத்தில் நீதி என்று ஒரு வரி அச்சிடும் பழக்கத்தால் வந்த வினை இது. பாட்டன் கூலி, அப்பன் கூலி, நீயும் அதற்குத்தான் பிறந்தாய் என்று நூறு வருஷமாகக் கேட்டுப் புளித்த காதுகளுக்கு, அதையே எலி வாயால் சொல்லிக் காட்டுவது எந்த நீதி?

நூலைக் கொளுத்திவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நூலில் எல்லாம் இருக்கிறது. அச்சிடுகிறவர்கள் பொறுக்கி எடுத்ததில்தான் கோளாறு. பூர்ணபத்திரர் என்னும் ஜைனப் புலவர் 1199-இல் விரித்தெழுதிய வடமொழிப் பஞ்சதந்திரத்தில் ஒரு நெசவாளி வருகிறான். ராஜகுமாரியின் மேல் ஆசை வைத்த அவனுக்கு, அவன் நண்பனாகிய தச்சன் மரத்தால் ஒரு கருடனைச் செய்து, ஆணியைத் திருகினால் பறக்கும்படி அமைத்துக் கொடுக்கிறான். நெசவாளி விஷ்ணுவைப் போல வேஷம் பூண்டு மாளிகைக்குப் பறந்து போகிறான். பகையரசர் படையெடுத்து வந்தபோது, தன் பொய் வெளிப்படுமே என்று அஞ்சியும், சாகத் துணிந்து போருக்குக் கிளம்புகிறான். அவன் தோற்றால் உலகம் தம்மையல்லவா தோற்றதாக எண்ணும் என்று கடவுளே கவலைப்பட்டு அவனுக்குள் புகுந்து வெல்கிறார். கடைசியில் உண்மை தெரிந்தும் அரசன் மகளைக் கொடுக்கிறான். நெசவாளி தன் குலத்துக்குத் திரும்ப வேண்டிவரவில்லை. எலிப் பெண்ணுக்குப் பதில் சொல்ல இந்நூலுக்குள்ளேயே இவன் உட்கார்ந்திருக்கிறான்.

நம் அலமாரியிலுள்ள சிறுவர் பதிப்பு ஒன்றிலும் இவனைக் காணோம். காதல் விஷயம் பிள்ளைகளுக்கு ஆகாதென்று விட்டுவிட்டார்கள் போலும். எண்ணம் நல்லதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: வளைக்குத் திரும்பிய எலி பதிப்புக்குப் பதிப்பு உயிரோடிருக்கிறது, மாளிகைக்குப் பறந்த நெசவாளி பண்டிதர் அலமாரியோடு நின்றுவிட்டான். காதலைச் சற்று மூடி, கருடனையும் போரையும் நட்பையும் வைத்து இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாதா? எந்தப் பதிப்பாளராவது செய்யமாட்டாரா என்று சில காலம் காத்திருந்தோம். பிறகு நாமே பத்துப் பக்கத்தில் எழுதி, நிபோங் தெபாலில் நகலெடுத்துத் தைத்தோம். அச்சு அழகாயில்லை, படமும் இல்லை.

சென்ற மாதம் முதலில் எலிப் பெண்ணைப் படித்தோம். நீதி வரியை மட்டும் வாசிக்காமல் புத்தகத்தை மூடினோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வெகு நேரம் யோசித்துவிட்டு, "ஐயா, முனிவருக்குத்தான் அந்த வித்தை தெரியுமே. அவளை எலியாக்காமல் அந்த எலியை மனுஷனாக்கியிருக்கலாமே?" என்றாள். எத்தனையோ மொழிகளில் எத்தனையோ பேர் இக்கதையைப் பெயர்த்திருக்கிறார்கள். இப்படி யாரேனும் கேட்டதாக நாம் படித்ததில்லை.

மறு வாரம் நெசவாளியைப் படித்தோம். காதலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்களின் அச்சம் வீண். தகப்பன் தச்சு வேலை செய்யும் ஒரு பையன் மட்டும் எழுந்து, கருடனைப் பறக்க வைக்கும் ஆணி எந்த இடத்தில் இருக்கும், கழுத்திலா, வயிற்றிலா என்று கேட்டான். கழுத்தில் வைத்தால் உட்காருகிறவன் கைக்கு எட்டும் என்றது ஒரு கட்சி. கனம் நடுவில் இருக்க வேண்டும், ஆகவே வயிறுதான் என்றது மற்றொரு கட்சி. சுண்ணாம்புக் கட்டியை வாங்கிக்கொண்டு அவன் கரும்பலகையில் வரையத் தொடங்கினான். ஏழு மணிக்கு அழைத்துப்போக வந்த தாய்மார் எட்டரை வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.